படம் எடுத்த பிறகு

டிசம்பர் 26

ஆழிப்பேரலை நினைவு நாள். கரையோர ஊர்களில் இன்று மெழுகுவத்தி ஏற்றுவார்கள், கடலில் பால் ஊற்றுவார்கள். பத்திரிகைகள் பழைய படங்களை எடுத்துப் போடும். அவற்றில் உலகம் அதிகம் பார்த்தது, ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்காக ஆர்கோ தத்தா 2004 டிசம்பர் 28 அன்று கடலூரில் எடுத்த படம். மணலில் கிடந்து ஒரு பெண் கதறுகிறார்; இறந்துபோன உறவினரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. பிணத்தைக் காட்டாமலே இழப்பின் முழுக் கனத்தையும் காட்டிய அந்தப் படத்தை வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு அந்த ஆண்டின் சிறந்த பத்திரிகைப் படமாகத் தேர்ந்தெடுத்தது. தகுதியான தேர்வு. ஆனால் படத்தோடு உலகம் சுற்றியது எடுத்தவரின் பெயர். படக்குறிப்பில் அழுகிறவர் உறவினரை இழந்த ஓர் இந்தியப் பெண், அவ்வளவே. ஊர் ஊராகப் போய்ப் படமெடுக்கும் செய்திப் புகைப்படக்காரரை எதைக் கொண்டு மதிப்பிடுகிறோம் என்ற கேள்வியை இது எழுப்புகிறது. எவ்வளவு தூரம் போனார், எத்தனை போர்களைப் பார்த்தார், எவ்வளவு ஆபத்தில் நின்றார் என்றே கணக்கிடப் பழகியிருக்கிறோம். படம் எடுத்த பிறகு என்ன செய்தார் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். துயரத்தில் இருக்கும் ஒருவரின் முகத்தை உலகத்துக்குக் காட்டுவது அவரிடம் கடன் வாங்குவதுதான். படம் அச்சேறியதும் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.

டிசம்பர் 27

இந்தக் கடனை முதலில் உணர்ந்தவர்கள் பல நேரம் வாசகர்கள்தான். 1993 மார்ச்சில் தெற்கு சூடானின் அயோத் என்ற இடத்தில் கெவின் கார்ட்டர் எடுத்த படம் நியூயார்க் டைம்ஸில் வந்தது. பசியில் சுருண்டுவிட்ட ஒரு குழந்தை, சற்றுத் தள்ளி ஒரு கழுகு. வாசகர்கள் பலர் பத்திரிகையைத் தொடர்புகொண்டு கேட்டது ஒன்றையே: அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? சில நாளில் பத்திரிகை ஒரு குறிப்பு வெளியிட நேர்ந்தது. கழுகு விரட்டப்பட்ட பின் குழந்தை மீண்டும் நடக்கும் அளவுக்குத் தேறியது, உணவு மையத்தை அடைந்ததா என்று தெரியவில்லை என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு கார்ட்டருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. சில மாதங்களில், ஜூலையில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பேசும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அது நியாயமில்லை. தென்னாப்பிரிக்காவின் நகர்ப்புற வன்முறையை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து மனம் நொந்திருந்த ஒரு மனிதர் மீது ஒரு தொழிலின் குறை முழுவதையும் ஏற்றுவதாகும் அது. படத்தை வாங்கிய பத்திரிகை, விற்ற முகவர், பரிசளித்த குழு, இவர்களில் யாருக்கும் அந்தக் குழந்தையின் கதையைத் தொடர்ந்து அறியும் பொறுப்பு இருக்கவில்லை. வாசகர்களின் கேள்வி சரியானது. அதைத் தனியொருவரிடம் மட்டும் கேட்டதுதான் தவறு.

டிசம்பர் 29

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். செய்திப் படத்தின் உயிரே வேகம். எடுத்தவர் அங்கேயே தங்கியிருந்தால் படம் யாரைப் போய்ச் சேரும்? இந்த மறுப்புக்குச் சான்றும் இருக்கிறது. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோ பட்டாணித் தோட்ட முகாமில் டொரோத்தியா லாங் ஒரு தாயையும் குழந்தைகளையும் படமெடுத்தார். விளைச்சல் உறைபனியில் அழிந்துபோக, கூலித் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். படங்கள் சான்பிரான்சிஸ்கோ நாளிதழை எட்டியதும் முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. லாங் அன்று விரைந்திராவிட்டால் அந்த உணவு வந்திருக்காது. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையின் மறுபாதியும் உண்டு. உணவு வந்தபோது அந்தக் குடும்பம் வேலை தேடி வேறிடம் போய்விட்டிருந்தது. லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகம் அறிந்தது 1978இல். செரோக்கி இனத்தவரான அவர், தன்னை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அந்தப் படத்தால் தனக்குக் காசு எதுவும் வரவில்லை என்றும் மனக்குறையோடு பேசினார். அரசுப் பணியில் இருந்த லாங்குக்கும் அந்தப் படத்தில் உரிமைத்தொகை கிடையாது, படம் பொதுச்சொத்து. ஆகவே இது பணத்தால் அடைபடக்கூடிய கடன் இல்லை. நாற்பது ஆண்டுக்கு மேலாக ஒரு நாட்டின் வறுமைக்கே முகமாக இருந்தவரிடம் ஒருவரும் திரும்பிப் போய், நீங்கள் யார், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. வேகம் முகாமின் பசியைத் தணித்தது. அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியதைத் தர வேகத்தால் முடியவில்லை. இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றைச் செய்ததால் மற்றது தள்ளுபடி ஆகிவிடாது.

டிசம்பர் 31

அந்த இரண்டாம் வேலையைச் செய்து காட்டியவர்களில் யூஜின் ஸ்மித்தையும் அய்லீன் ஸ்மித்தையும் முதலில் நினைக்கிறேன். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை பாதரசக் கழிவைக் கலந்தது. அங்கே பிடித்த மீனை உண்ட மக்களுக்குக் கைகால் முறுக்கியது, பார்வையும் பேச்சும் போயின. 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலை அந்தக் கழிவை நிறுத்தியது 1968இல். 1971இல் அங்கே போன ஸ்மித் தம்பதி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்றாண்டுகள் நோயாளிகளின் அண்டைவீட்டாராக வாழ்ந்தார்கள். 1972 ஜனவரியில் சிஸ்ஸோவின் கோயி ஆலையில் நோயாளிகளோடு போன இடத்தில் ஸ்மித் கடுமையாகத் தாக்கப்பட்டார். அவருடைய பார்வையே பாதிப்புக்குள்ளானது. அந்த வாழ்க்கையிலிருந்து வந்ததுதான், பிறவியிலேயே நச்சால் முடங்கிய மகளைத் தாய் மடியில் ஏந்திக் குளிப்பாட்டும் படம். லைஃப் இதழ் 1972இல் அதை வெளியிட்டது. கருவில் இருக்கும் குழந்தையையும் பாதரசம் தாக்கும் என்ற உண்மை, மருத்துவ அறிக்கைகள் எட்டாத இடங்களுக்கும் அதன்வழி எட்டியது. 1973இல் குமமோட்டோ நீதிமன்றம் நோயாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வெற்றியைப் படத்தின் கணக்கில் எழுதுவது தவறு. அது நோயாளிகளின் நீண்ட போராட்டத்தின் பலன். ஆனால் ஒரு தாய் தன் மகளின் உடலை அந்நியரின் கேமரா முன் காட்டச் சம்மதிக்கும் அளவுக்கு நம்பிக்கை, பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

கதை அதோடு முடியவில்லை. அந்த மகள் 1977இல் இறந்தார். படமோ சுவரொட்டிகளிலும் புத்தகங்களிலும் சுற்றிக்கொண்டே இருந்தது. மகளை இனியாவது ஓய்வெடுக்க விட வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். ஸ்மித் அப்போது உயிரோடு இல்லை. 1998இல் அய்லீன் அந்தப் படத்தின் மீதான முடிவைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். உலகின் மிகப் புகழ்பெற்ற செய்திப் படங்களுள் ஒன்று அது. அதைப் படத்தில் இருப்பவரின் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்த அந்தச் செயலை, எடுத்த செயலுக்கு இணையான சாதனையாகவே கருதுகிறேன்.

ஜனவரி 2

ஸ்மித்தை முன்வைத்தால் இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, எல்லாராலும் மூன்றாண்டுகள் தங்க முடியாது. உண்மை. ஆனால் தங்க முடியாதவர்கள் திரும்பி வரலாம். சூசன் மைசலாஸ் 1978இலும் 1979இலும் நிகரகுவா புரட்சியைப் படமெடுத்தார். பின்னர் தன் படங்களில் இருந்தவர்களைத் தேடிப் போய், புரட்சி அவர்கள் வாழ்வில் என்ன மாற்றியது என்று கேட்டார். 1991இல் அது ஆவணப்படமாக வந்தது. 2004இல் மீண்டும் போய், படங்களைப் பெரிதாக்கி, அவை எடுக்கப்பட்ட தெருக்களிலேயே தொங்கவிட்டார். அந்த ஊர் மக்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே பார்த்துப் பேசினார்கள். இதனோடு ஒப்பிட வேண்டியது, ஸ்டீவ் மெக்கரி 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் எடுத்த ஆப்கன் சிறுமியின் படம். 1985இல் நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்த அந்த முகத்தை உலகமே அறிந்தது. ஷர்பத் குலா என்ற அந்தப் பெண்ணோ, 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் தன் படத்தையே முதல்முறை பார்த்தார். திரும்பிப் போனது நல்லது. பதினேழு ஆண்டுகள் தாமதித்தது, அது யாருடைய கடமையாகவும் இல்லாததால்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. படத்தில் இருப்பவர் சொன்னால் படத்தை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால், குற்றவாளிகளும் தங்கள் படத்தை நிறுத்தக் கேட்பார்களே, வரலாறு அழியாதா? இங்கே ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர் தன் செயலை மறைக்கக் கேட்பதும், அந்த அதிகாரத்தால் சிதைந்தவர் தன் உடலைக் காட்சிப்பொருளாக்க வேண்டாம் என்று கேட்பதும் ஒன்றல்ல. முன்னவருக்கு அந்த உரிமை இல்லை, பின்னவருக்கு உண்டு. நூலகங்களிலும் பழைய இதழ்களிலும் மினமாட்டா படம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. வரலாறு அதை இழந்துவிடவில்லை. பெயரும் இப்படித்தான். தன் நாட்டு ராணுவத்திடமிருந்து தப்பி ஓடும் ரோஹிங்கியா அகதியின் பெயரை அச்சிடுவது அவர் உயிருக்கே உலை வைக்கலாம். அப்போது பெயரை மறைப்பதே கடனைத் தீர்க்கும் வழி. யோசித்து மறைப்பதற்கும் கேட்கவே தோன்றாமல் விடுவதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

ஜனவரி 4

கடைசியாக ஒரு கேள்வி: உறவுதான் முக்கியம் என்றால் வெளியூர்க்காரர் எதற்கு, உள்ளூர்க்காரர்களே எடுத்தால் போதாதா? பாதி உண்மை. மினமாட்டாவை ஸ்மித்துக்குப் பத்தாண்டு முன்பே, 1960 முதல், ஜப்பானியரான குவாபாரா ஷிசெய் படமெடுத்துக்கொண்டிருந்தார். 2023 அக்டோபருக்குப் பின் காஸாவுக்குள் சுதந்திரமாகப் போக வெளிநாட்டுச் செய்தியாளர்களை இஸ்ரேல் அனுமதிக்காதபோது, குண்டுகளுக்கு நடுவே தங்கள் குடும்பங்களையும் காத்துக்கொண்டு உலகத்துக்குச் சாட்சி சொன்னவர்கள் பாலஸ்தீனப் புகைப்படக்காரர்களே. அவர்களில் ஒருவரான சமர் அபூ எலூஃப், தாக்குதலில் இரு கைகளையும் இழந்த காஸா சிறுவனைக் கத்தாரின் தோஹாவில் எடுத்த படம் 2025இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் முதல் பரிசைப் பெற்றது. காஸாவிலிருந்து வெளியேறிய அவரும் அந்தச் சிறுவனும் தோஹாவில் ஒரே குடியிருப்பில் வசித்தார்கள். ஆனாலும் வெளியிலிருந்து வருபவருக்கு இடம் உண்டு. உள்ளூர்க்காரரை மிரட்ட முடிந்த அரசுக்கும் ஆலைக்கும் வெளியாளின் கண் ஒரு தடை. அவர் கொண்டுபோகும் படம் எட்டும் வாசகர்கள் வேறு. எந்த ஊரில் பிறந்தார் என்பதைவிட, படமெடுத்த பிறகும் அந்த மனிதருக்குப் பொறுப்பாளியாக இருக்கிறாரா என்பதே பெரிது.

இது தனிமனித நற்குணத்தை நம்பி விட்டுவிடக்கூடியதும் அல்ல. ஒரு செய்தி நிறுவனம் புகைப்படக்காரரை வெளியூர் அனுப்பும்போது, போகும் செலவோடு திரும்பிப் போகும் செலவையும் சேர்த்துத் திட்டமிடட்டும். படக்குறிப்பில் பெயர் இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஆசிரியர் கேட்கட்டும். எடுக்கப்பட்டவரிடம் ஒரு பிரதி போய்ச் சேர்ந்ததா என்பதைப் பரிசுக் குழுக்கள் விண்ணப்பத்திலேயே கேட்கட்டும். ஒளியும் கோணமும் கணமும் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும். எடுத்தவரின் தரத்தைத் தீர்மானிப்பது, படத்தில் இருப்பவருக்கு அவர் கொடுத்த பதில்தான். இந்த அளவுகோலைத் தொழில் ஏற்றுக்கொள்ளும் வரை, ஒவ்வொரு பெரிய படத்தின் முன்னும் வாசகர்கள் 1993இல் கேட்ட அதே கேள்வியை நாமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.