பித்தளை வளையமும் கந்தக எண்ணெயும்

சிவகாசி வட்டாரத்தில் கந்தக வாடை இரண்டு இடங்களில் அடிக்கும். ஒன்று பட்டாசு ஆலை, ஊருக்கே தெரியும். இன்னொன்று கார்களின் கியர்பாக்ஸ் பிரிக்கும் ஒர்க்ஷாப். பல்லும் பல்லும் அழுத்தி உருளும்போது நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம் கிழிந்துபோகலாம். அப்போதும் எஃகோடு எஃகு ஒட்டிப் பிய்ந்துவிடாமல் இருக்க, கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் அடங்கிய சேர்மங்களைக் கலக்கிறார்கள். அடிப்பக்க போல்ட்டைக் கழற்றியதும் குப்பென்று வருவது அந்த வாடைதான்.

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசி செல்லும் சாலையோரம், தகரக் கொட்டகை போட்ட ஒர்க்ஷாப் ஒன்றில் நான் போய் நின்றபோது, வாடகைக் கார் ஒன்று ஜாக்கி மேல் ஏறியிருந்தது. மெக்கானிக் கேட்கும் முன்பே ஓட்டுநர் ஆரம்பித்துவிட்டார்.

“மூணாவது போடும்போது மட்டும் கரகரங்குதுண்ணே.”

“கியர் ஆயில் எப்ப மாத்துன?”

“இஞ்சின் ஆயிலு கரெக்டா மாத்திருவேன். கியர் ஆயிலு... அது மாத்தணுமாண்ணே?”

மெக்கானிக் சிரிக்கவில்லை. வாரத்துக்கு நாலு பேராவது இதையே கேட்கிறார்களாம். இஞ்சின் ஆயில் கருத்துப்போகும், அளவு குறையும், கம்பியை உருவிப் பார்க்கலாம். சிறிய கார்களின் கியர்பாக்ஸில் இருப்பதோ ஏறக்குறைய 2 லிட்டர் எண்ணெய். பெரும்பாலானவற்றில் உருவிப் பார்க்கக் கம்பியும் கிடையாது. ஆயில் சீல் வழியாகக் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்தாலும், தரையில் சொட்டு விழுகிறவரை யாரும் கவனிப்பதில்லை.

இந்தப் பகுதியின் வருஷம் தீபாவளியை வைத்துத்தான் ஓடுகிறது. பண்டிகைக்கு முந்தைய மாதங்களில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேன்கள், ஆர்டர் பிடிக்க வருகிற வெளியூர் வியாபாரிகளைச் சுமக்கும் டாக்ஸிகள், அட்டைப்பெட்டி அடுக்கிய ‘குட்டி யானை’ சரக்கு வண்டிகள் என எதற்கும் ஓய்வில்லை. கேரளத்துக்குப் போகிற வண்டி ராஜபாளையம், தென்காசி தாண்டிச் செங்கோட்டை, ஆரியங்காவு மலைப்பாதையில் ஏற வேண்டும். அங்கே இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் இடையேதான் பாதிப் பயணம். சத்தம் கேட்டாலும் “தீபாவளி முடியட்டும்” என்று தள்ளிப்போடுகிறார்கள். கிளட்ச் பிளேட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, பிளைவீலையும் சேர்த்து மாற்றுவதில் வந்து நிற்கிறது.

பிரிப்பதற்கு முன் காது கொடுத்துக் கேட்பதுதான் மெக்கானிக்கின் முதல் வேலை. நியூட்ரலில் இஞ்சினை ஓடவிட்டு கிளட்ச்சை மிதிக்கச் சொல்கிறார். மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் சத்தம் நின்றால், கியர்பாக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்டின் பேரிங். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் வேகம் எடுக்கவில்லை என்றால் பிளேட் தேய்ந்திருக்கிறது. போட்ட கியர் தானாகத் தெறித்து வெளியே வந்தால் செலக்டர் ஃபோர்க், உள்ளே பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங், கியரின் பூட்டுப் பல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கியர் கம்பி மேலேயே கையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களின் வண்டியில் ஃபோர்க் சீக்கிரம் தேயும்.

அன்றைக்கு வந்த கரகரப்பு ஒரே கியரில்தான். “சிங்க்ரோ ரிங்கு” என்று காரைத் தொடாமலே சொல்லிவிட்டார்.

பேட்டரி ஒயரைக் கழற்றி, எண்ணெயை வடித்து, இரண்டு பக்க ஆக்ஸிலையும் உருவி, ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்த பிறகு கியர்பாக்ஸ் ஜாக்கியில் மெல்ல இறங்கியது. வடிகால் போல்ட்டின் காந்த முனையைத் துணியில் துடைத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மைபோல் ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம்; சில்லாக வந்தால் பல் உடைந்திருக்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதனால் தட்டிலிருந்த எண்ணெயை விரலில் தொட்டு வெயிலில் சாய்த்தார். பொன்துகள் மின்னியது.

அந்தத் துகள் சிங்க்ரோ வளையத்திலிருந்து வந்தது. வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்கள் பூட்டிக்கொள்ளும் முன், இந்த வளையம் கியரின் கூம்பில் உரசி வேகத்தைச் சமன்படுத்தும். 1928இல் காடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு வந்தது. அது இல்லாத பழைய லாரிகளில் ஓட்டுநர்கள் ஒவ்வொரு கியருக்கும் ‘டபுள் கிளட்ச்’ மிதித்தார்கள். மெக்கானிக் பழைய வளையத்தைக் கூம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் திருகினார், வழுக்கிக்கொண்டு சுற்றியது. புதியது கவ்விப் பிடித்தது. பிறகு வளையத்துக்கும் கியருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இடைவெளியையும் அளந்துகொண்டார்.

தேய்மானத்தின் காரணம் ஓட்டுநர் வைத்திருந்த பழைய பில்லில் இருந்தது. முன்பு எங்கேயோ ஆயில் சீல் மாற்றியபோது யாரோ ஜிஎல்-5 ரக எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். ஓட்டுநருக்கு அது கியர் ஆயில் என்றே தெரியவில்லை. லாரியின் பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு ஏற்றது அது. கந்தகச் சேர்மம் கூடுதல். அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கக்கூடும். வழுக்கல் அதிகமானால் வளையம் கூம்பைக் கவ்வவும் முடியாது. கையேட்டில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். “உசந்த ஆயிலுன்னு ஊத்துறாங்கெ. உசத்தி வேற, பொருத்தம் வேற” என்றார்.

பட்டாசு ஆலைகளில் தீப்பொறிக்குப் பயந்து இரும்பை விலக்கிப் பித்தளை, மரக் கருவிகளைப் புழங்குவார்கள். இங்கேயும் பேரிங்கைத் தட்டி எடுக்கப் பித்தளைக் கம்பிதான். கடினமாக்கப்பட்ட கியர்ப் பல்லில் இரும்புச் சுத்தியல் நேராகப் பட்டால் விளிம்பு சிதறும். வெல்டிங்கும் கிரைண்டரும் ஓடுகிற இடம் என்பதால், பட்டாசுப் பெட்டியோடு எந்த வண்டி வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

பூட்டும்போது பழைய ஷாஃப்ட் ஒன்றைச் செருகி, கிளட்ச் பிளேட் நட்டநடுவே நிற்கிறதா என்று சரிபார்த்தார்கள். அது கொஞ்சம் விலகியிருந்தாலும் கியர்பாக்ஸ் உள்ளே போகாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சங்கொஞ்சமாக இறுக்கினான் உதவிக்கு இருந்த பையன்.

அவனுக்கு ஆர்வமெல்லாம் வேறு பக்கம். 2014இல் மாருதி செலெரியோவோடு இந்தியச் சாலைக்கு வந்த, தானே கியர் மாற்றும் ஏஎம்டி இப்போது இங்கேயும் சர்வீஸுக்கு வருகிறது. உள்ளே அதே பல், அதே சிங்க்ரோ, அதே கிளட்ச் பிளேட். மிதிக்கும் காலுக்கும் கியர் போடும் கைக்கும் பதிலாக ஹைட்ராலிக் இயந்திரமும் கணினியும் இருக்கின்றன. பிளேட் மாற்றியதும் ஸ்கேனர் செருகி அந்தக் கணினிக்குப் புதிய பிடிமான இடத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஸ்கேனர் வாங்கப் பையன் நச்சரிக்கிறான். “தீபாவளி வசூலு வரட்டும்டா” என்கிறார் மெக்கானிக்.