தாயின் பையில் இருந்த வழக்கு

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவருக்காக ஆஜராகும் சட்டத்தரணியிடம் தொடக்கத்தில் இருப்பது அநேகமாகத் தடுப்பு உத்தரவுத் தாள் ஒன்றுதான். அதிலும் சந்தேகம் என்று ஒரு வரி. அந்தச் சந்தேகம் எதிலிருந்து வந்தது, யார் சொன்னது என்று கேட்டால், "விசாரணை நடக்குது" என்பார்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கமான இந்தச் சட்டம் அமைச்சரின் உத்தரவில் 18 மாதம் வரை அடைத்துவைக்க இடம் கொடுத்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது. எங்கள் அரசியலமைப்பின் 13(1) கைதுக்கான காரணத்தைச் சொல்லச் சொல்கிறது. ஆதாரத்தைக் காட்டச் சொல்லவில்லை.

ஆகவே கோப்பை நாங்கள்தான் கட்ட வேண்டும். புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து வந்த தாயொருவரின் பையில் மகனின் அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் கொப்பி, கூடவே கிழித்த நாட்காட்டித் தாள் ஒன்றும் இருந்தன. தாளின் பின்புறத்தில் பிள்ளையைக் கொண்டுபோன நேரமும் வந்த வானின் நிறமும் எழுதியிருந்தார். உத்தரவில் இருந்த கைதுத் திகதி அதற்கு ஒரு நாள் பிந்தியது. அந்த ஒரு நாளில்தான் எங்கள் மனுவே நின்றது.

ஆதாரம் கண்ணில் படும்போதும் அது பல வழக்குகளில் வாக்குமூலமாகவே இருக்கும். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும்; அடித்து வாங்கினார்கள் என்றால் அதை எண்பிப்பது எதிரியின் பொறுப்பு. 1993இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவர் பெருவிரல் பதித்த வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. அதை வைத்தே 50 வருடத் தண்டனை. மேன்முறையீட்டில் 35 ஆனது. இது நியாயமான விசாரணையல்ல என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தமிழ்நாட்டின் 1982 குண்டர் சட்டமும் விசாரணையின்றித்தான் அடைக்கிறது. ஆனால் உத்தரவுக்கு ஆதாரமான ஆவணங்களின் பிரதிகளைக் கைதிக்குத் தெரிந்த மொழியில் கொடுக்க வேண்டும் என்பது இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. பக்கம் மங்கி வாசிக்க முடியவில்லை என்பதற்காகவே சென்னையில் உத்தரவுகள் இரத்தாகியுள்ளன. எங்களுக்கு மங்கிய பக்கங்கூடக் கிடைப்பதில்லை.

தடுத்துவைக்க அரசு நம்பும் ஆவணத்தைக் கைதிக்கும் அவரது சட்டத்தரணிக்கும் காட்டுவதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். அதுவரை வீட்டுக்காரர் செய்ய வேண்டியது இது: பிடித்த நேரம், இடம், வாகன இலக்கத்தை உடனே எழுதுங்கள், கைதுக்கான துண்டைக் கேட்டு வாங்குங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்குச் சட்டம் தரும் காலம் ஒரு மாதம்தான்.