பங்காரு வாய்க்கால் யார் வெட்டியது?

அரியூர்க்காரனுக்குப் பாகூர் ஏரியில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். வேலை ஒன்றுமில்லை, அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை யார் வெட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து, தமிழ்நாட்டில் கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம் நம் புதுவை எல்லைக்குள் வருகிறது. ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர்தான். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வதெல்லாம் இந்தத் தண்ணீரின் தயவு.

ஊரில் பதில் உடனே கிடைத்தது. “ரெண்டு பொண்ணுங்க தம்பி, பங்காரி, சிங்காரின்னு. கோயில்ல ஆடுனவங்க. சம்பாதிச்சதையெல்லாம் தண்ணிக்குக் கொட்டுனாங்க” என்றார் மதகடியில் உட்கார்ந்திருந்த பெரியவர். எந்த ராஜா காலம் என்றேன். “அதெல்லாம் யாரு கண்டா?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ராஜாவைத் தேடினால் செப்பேடு இருக்கிறது. 1879-ல் வெளிச்சத்துக்கு வந்த பாகூர்ச் செப்பேடு, பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 9-ஆம் நூற்றாண்டு. நிலைதாங்கி என்ற தலைவன் கேட்டுக்கொண்டபடி, பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களை அரசன் கொடுத்திருக்கிறான். நாட்டார் எல்லையைச் சுற்றி நடந்து கல்லும் கள்ளியும் நட்டார்கள். ஒரு கல்லூரிக்கு மூன்று ஊர் வருமானம்! இன்றைய துணைவேந்தர்கள் பெருமூச்சு விடலாம். ஆனால் பங்காரியும் சிங்காரியும் அதில் இல்லை.

மூலநாதர் கோயிலுக்குப் போனேன். சோழர் கல்வெட்டுகளோடு இராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. அதிட்டானத்தில் சின்னஞ்சிறு நடனச் சிற்பங்கள். குந்தி உட்கார்ந்தால்தான் சரியாகப் பார்க்க முடியும். இவர்களில் ஒருத்தி பங்காரி என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான், சொல்ல ஆதாரமில்லை.

1752-ல் லாரன்சின் ஆங்கிலப் படையும் கெர்ழானின் பிரெஞ்சுப் படையும் இந்த ஊர் வயல்வெளியில்தான் மோதின. பாகூரை அடுத்த சேலியமேட்டில் கவிஞரேறு வாணிதாசன் வாழ்ந்தார். பெயர் பெற்றவர்களுக்கு இந்தப் பக்கம் குறைவில்லை; பங்காரியும் சிங்காரியும்தான் எந்த எழுத்திலும் என் கண்ணில் படவில்லை.

ஆனாலும் அந்த இரண்டு பெண்களையும் வெறும் கட்டுக்கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. புதுவை நகரத்துக்கே ஆயி கதை இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் ஆயியின் வீட்டை இடிக்கச் சொன்னதும், அந்த இடத்தில் தானே குளம் வெட்டிய தாசி அவள். அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்தபோது மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரால் மண்டபம் எழுந்தது. இன்று அரசுச் சின்னமும் அதுவே. சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார்கள் காசும் நிலமும் கொடுத்த செய்திகள் பல உண்டு. கோயில் பெண்ணின் கையில் சொத்து இருந்தது, அதைத் தானம் செய்யும் உரிமையும் இருந்தது. வாய்க்கால் வெட்ட அவள் பணம் கொடுத்தாள் என்பதை ஊர் நம்புவதற்கு இது போதும். எனக்கும் போதும்.