கதிரையும் உளியும்

நம் வீடுகளிலுள்ள தளபாடங்களின் பெயர்களை நிரல்படுத்திப் பார்ப்போமாயின் ஒரு விந்தை புலப்படும். கதிரை, மேசை, அலுமாரி ஆகியன போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். லாச்சி ஒல்லாந்தர் தந்தது. அவற்றை ஆக்கும் கருவிகளின் பெயர்களோ உளி, வாள், சீவுளி, கொட்டாப்புளி, துறப்பணம் என நம்முடையனவாகவே நிற்கின்றன. வைரம், வெளிறு, கணு என மரத்தின் இயல்பு கூறும் சொற்களும் அவ்வாறே. சொற்களைக் கொண்டு வரலாறு முழுவதையும் அளந்துவிட முடியாது என மொழியியல் பயின்ற நண்பர்கள் எச்சரிப்பர், அது சரியே. எனினும் வடிவத்தை வகுப்பவர் ஒருவர், அதனைச் செய்து கொடுப்பவர் வேறொருவர் என்னும் பிரிவினை இச்சொற்களிற் படிந்து கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தச்சுத்தொழில் பயிலவரும் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நாம் அளிக்கும் பயிற்சியும் அப்பிரிவினையை ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நான் கனிட்ட இடைநிலை வகுப்புகளிற் பயின்ற காலம் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின் காலம். முந்திய ஆண்டின் இளைஞர் கிளர்ச்சியால் அதிர்ந்த அரசு, ஏட்டுக்கல்வி வேலையற்றோரையே பெருக்குகிறது எனக் கருதித் தொழின்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1975இல் முதன்முறையாக நடைபெற்ற தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சையில் அவையும் இடம்பெற்றன. 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் ஊர்ப் பெற்றோர் பலர் ஆறுதலடைந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மரவேலை வகுப்பில் எங்களோடு தச்சுத்தொழிற் குடும்பத்து மாணவன் ஒருவன் இருந்தான். பலகையின் மீது உள்ளங்கையை ஒருமுறை ஓட்டிவிட்டு, எத்திசையிற் சீவினால் நார் கிளம்பாது என்று சொல்லிவிடுவான். அலுமாரிக் கதவின் நடுப்பலகையை ஏன் பசையிட்டு ஒட்டுவதில்லை என்று ஒருநாள் அவனிடம் கேட்டேன். "பலகை அசைய இடம் விடவேணும் எண்டு அப்பு சொல்லுறவர்" என்றான். அதன் பின்னுள்ள விஞ்ஞானத்தைப் பல ஆண்டுகளின் பின்னரே நான் நூல்களிற் படித்தேன். மரம் நாரின் நெடுக்கிற் பெரும்பாலும் மாறுவதில்லை. குறுக்கிலேயே விரிந்து சுருங்குகிறது. அக்குறுக்கிலும், வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய 2 மடங்காகும். மாரியில் இறுகிச் சோளகத்தில் விலகும் கதவை அறியாதவர் நம்மில் எவர்? காடியிலே தளரச் செருகிய பலகை பருவத்துக்கேற்ப அசைந்து கொடுக்கும். ஒட்டிய பலகை வெடிக்கும்.

பரீட்சையிற் கேட்கப்பட்டதோ சீவுளியின் உறுப்புகளைப் பெயரிடுமாறு. எழுத்துத் தாளில் அவன் எங்களிற் பலருக்குப் பின்னே நின்றான். அவனது அறிவு சாதியின் அறிவாக எண்ணப்பட்டது. எங்களது கல்வி எனப்பட்டது. பிறப்பால் வந்த தொழில் என்று கூறி, அதற்குள் அடங்கிய ஆண்டுக்கணக்கான பயிற்சியைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்துவிடுவது நம் சமூகத்தின் பழைய வழக்கம். பாடசாலையும் அவ்வழக்கத்துக்குத் துணைபோயிற்று.

அதன் பின்னர் ஏற்பாடுகள் பெருகியுள்ளன. பயிலுநர் பயிற்சிக்கு 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 1990இல் மூன்றாம்நிலை, தொழிற்கல்விக்கான சட்டமும் 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் வந்தன. தேசிய தொழிற்றகைமை இன்று 7 மட்டங்களைக் கொண்டது; ஏழாவது பட்டத்துக்கு ஒப்பானது. ஏணி நாட்டப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் முதற்படியில் நிற்கும் பிள்ளையை, சாதாரண தரத்திற் கோட்டைவிட்ட பிள்ளை என்றே அயலார் பார்க்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி நிலையத்துக்குச் சென்றிருந்தேன். வேப்பம் பலகையிற் கைப்பிடிக் கதிரை செய்துகொண்டிருந்தனர். சுவரிலே வரைபடம் ஒன்று. இருக்கையின் உயரம் 17 அங்குலம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. பையன்களிடையே இருந்த ஒரேயொரு பெண்பிள்ளை போதனாசிரியரிடம் கேட்டாள்: "சேர், கைப்பிடியை இன்னும் ரெண்டு விரல் முன்னுக்கு விட்டால் என்ன? அம்மம்மா அதிலை ஊண்டி எழும்புவா."

அவர் சிரித்தார். "நல்லதுதான் பிள்ளை. ஆனால் சோதிக்க வாறவர் படத்திலை இருக்கிற அளவைத்தான் பார்ப்பார்."

அப்பிள்ளையின் வினா எளியதன்று. முதியவர் எழும்போது உடற்பாரத்தை முன்னே கொண்டுவந்து பாதங்களின் மேல் நிறுத்தவேண்டும். ஊன்றும் கை இருக்கையின் விளிம்புக்கும் முன்னால் இருந்தாலே அது இலகுவாகும். ஆனால் கைப்பிடி முன்னங்காலைக் கடந்து நீளுமாயின், ஊன்றும் பாரம் நெம்பாகி மூட்டைக் கிளப்பப் பார்க்கும். கழுந்தை எவ்வளவு ஆழமாக இறக்குவது, முளை அடிப்பதா என்ற வினாக்கள் அடுத்து எழுகின்றன. ஒரு கிழவியின் முழங்காலிலிருந்து புறப்பட்டு மூட்டின் வலிமைவரை செல்லும் இந்தச் சிந்தனையைத்தானே வடிவமைப்பு என்கிறோம்? அதற்குரிய இடம் பாடத்திட்டத்தில் இல்லை. போதனாசிரியர் நல்ல மனிதர். சோதனைக்குரிய கதிரையைப் படத்தின்படி முடித்துவிட்டு, மிச்சப் பலகையில் வேறொரு சோடிக் கைப்பிடி செய்யுமாறு அவளிடம் கூறினார்.

இந்நாட்டு மரபு இவ்வாறு பிரிந்து கிடந்ததன்று. 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலில் ஆனந்த குமாரசுவாமி, கண்டிய நாட்டுக் கைவினைக் குடும்பச் சிறுவன் வளைகோடு வரையப் பழகியே தன் பயிற்சியைத் தொடங்கியதைக் குறிப்பிடுகிறார். வரைதல் அவனுக்குத் தொழிலின் வாயில். இன்று மொறட்டுவையிலே தளபாடப் பட்டறைகளும் உள்ளன. வடிவமைப்பிற் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமும் உள்ளது. ஆனால் உயர்தரப் பரீட்சையைத் தாண்டாமற் பட்டறையிலிருந்து அப்பட்டப்படிப்புக்குள் நுழைய வழியில்லை. பல்கலைக்கழகத்தில் உள்ள நாம் இதனை இயல்பென்று கொள்கிறோம்.

என் விருப்பம் பெரிதன்று. பயிற்சியின் முதல் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலுள்ள ஒருவர் அமர்வதையும் எழுவதையும் அளந்து வரைந்து வரட்டும். வரைபடத்திலிருந்து விலகியவர் தக்க காரணம் காட்டினால் அதற்கும் புள்ளி வழங்கப்படட்டும். சோதிப்போர் குழுவிலே, சான்றிதழ் எதுவுமின்றி நாற்பது ஆண்டுகள் உளி பிடித்த ஒருவருக்கும் ஆசனம் இருக்கட்டும். இதனைக் காலந்தாழ்த்துவதற்கில்லை. எங்கள் ஊரில் அவ்வாறு அழைக்கத்தக்க முதிய ஆசாரியார் இருவரே இப்போது பட்டறை வைத்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது.