ஏஇஎஸ் போட்டாச்சு, அப்புறம்?

ஸ்மார்ட் மீட்டர் டெண்டர்களில் பாதுகாப்பு என்ற தலைப்புக்குக் கீழே இப்போதெல்லாம் ஒரே வரிதான் எழுதுகிறார்கள்: ஏஇஎஸ்-128. சமீபத்தில் ஒரு கூட்டத்தில் இளம் பொறியாளர் ஒருவர் என்னிடமே கேட்டார்: "அதான் என்கிரிப்ஷன் போட்டாச்சே சார், உங்க டீமுக்குத் தனியா இதுல என்ன வேலை?" ஓய்வு பெறப் போகிறவன், அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓடும் மெஷ்ஷில், ஒவ்வொரு மீட்டரும் பக்கத்து மீட்டருக்குத் தபால்காரன். தெருச் சுவரில் தொங்கும் அந்தத் தபால்காரனைக் கழற்றிக்கொண்டு போய், சிப்பைச் சாவகாசமாகக் குடையலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்றால், ஒன்று போனால் ஊரே போனது. பிலிப்ஸ் ஹ்யூ விளக்குகளின் ஃபர்ம்வேருக்குப் பொதுவாக இருந்த சாவியை, 2016-ல் எயால் ரோனன், அடி ஷமிர் குழுவினர் சிப்பின் மின்நுகர்வை அளந்தே எடுத்துவிட்டார்கள். அதிலும் ஏஇஎஸ்தான் இருந்தது.

சாவியையாவது ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். என் தூக்கத்தைக் கெடுத்தது, அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடிக்கொண்டே போக வேண்டிய எண்ணான ஃபிரேம் கவுண்டர். இந்த மெஷ்ஷின் ரேடியோ தரமான 802.15.4-ல், ஒவ்வொரு ஃபிரேமையும் மறைக்கும்போது சாவியோடு சேரும், ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய நான்ஸ் 13 பைட்: முகவரி 8, கவுண்டர் 4, பாதுகாப்பு நிலை 1. இவற்றில் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவது கவுண்டர் மட்டுமே. அது பின்னால் போனால் அதே நான்ஸ், அதனால் தரவை மறைக்கும் கீஸ்ட்ரீமும் அதே. ஒட்டுக்கேட்பவன் இரண்டு ஃபிரேம்களை எக்ஸார் போட்டாலே உள்ளே இருப்பது கசியத் தொடங்கும். சாவியே வேண்டாம்.

நினைத்தபோது கரண்ட் போகிற ஊரில், ரேமில் வைத்த கவுண்டர் கரண்ட்டோடு போய்விடும். ஃபிரேமுக்கு ஒரு தரம் ஃபிளாஷில் எழுதினால், பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய மீட்டரின் ஃபிளாஷ் சீக்கிரமே தேய்ந்துவிடும். அதனால் முன்கூட்டித் தள்ளி எழுதுவோம். கவுண்டர் 5,000-ஐத் தொடும்போதே ஃபிளாஷில் 6,000 இருக்கும். கரண்ட் வந்ததும் 6,000-லிருந்து தொடங்கலாம். ஆனால் முதலில் 7,000-ஐ எழுதி, எழுதியது பதிந்ததா என்று படித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு ஃபிரேம்கூட ஆன்டெனாவைத் தாண்டக் கூடாது. இடையில் சில நூறு எண்கள் வீணாகும். 32 பிட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. இந்த வரிசையைப் பிழையில்லாமல் கொண்டுவர நாங்கள் பட்ட பாட்டுக்கு டேட்டாஷீட்டில் இடமில்லை.

இன்றைய குறுக்குவழி வேறு. கவுண்டர் பின்னால் போன மீட்டரின் ஃபிரேம்களைப் பக்கத்து மீட்டர்கள் பழையவை என்று தள்ளிவிடும். டேஷ்போர்டில் அது செத்த மீட்டராகத் தெரியும். உடனே ரீப்ளே சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். டேஷ்போர்டு பச்சையாகிறது, பில்லும் பாஸாகிறது. நேற்றுப் பதிவு செய்த கட்டளையை இன்று எவன் திருப்பி அனுப்பினாலும் மீட்டர் வாங்கிக்கொள்ளும் என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

டெண்டர் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஏஇஎஸ் உண்டா என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். உங்கள் கண் முன்னால் மீட்டரின் மின்சாரத்தை நூறு தடவை துண்டித்து, ஒவ்வொரு தடவையும் கவுண்டர் எங்கிருந்து தொடங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.