யாயிரின் காத்திருப்பு

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் நம் அக்காள் பங்கு இல்லத்திற்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த 200 ரூபாயை மேசைமீது வைத்து, "ஒரு பொம்பளைக்கு உடம்பு சரியில்ல சாமி. நாளைப் பூசையில நினைச்சுக்கோங்க" என்றார். திருப்பலிக் கருத்துகளை எழுதும் ஏட்டை விரித்துப் பெயரைக் கேட்டோம். "பேர் வேண்டாம் சாமி, ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். அவருடைய கண்கள் தரையை விட்டு எழவில்லை. எழுதுகோலை மூடி வைத்தோம். "அந்தப் பெண் நீங்கள்தானா அக்கா?" என்று கேட்டதும் அழுதுவிட்டார்.

நம் பத்தாம் வயதில் அன்னையை இழந்தோம். அக்காள் நம்மைவிட ஐந்தாண்டே மூத்தவர். நமக்குச் சோறு பொங்கிப் போட்டவரும், சிறு குருமடத்தில் சேர்ப்பதற்குத் தகரப் பெட்டியோடு நம்மைப் பேருந்தில் அழைத்துச் சென்றவரும் அவரே. அதுவரை "தம்பி" என்று அழைத்தவர், நாம் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட நாளில் நம் கைகளை முத்தி செய்து "சாமி" என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் "தம்பி" வந்ததில்லை. நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது வழக்கந்தான். அந்த மரியாதையில் நாமும் மகிழ்ந்திருக்கிறோம். அம்மரியாதை எங்கள் இருவருக்கும் இடையே ஒரு சுவராக நின்றிருந்ததை அன்று மாலைதான் அறிந்தோம்.

மாதவிலக்கு நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு மீண்டும் உதிரம் கண்டிருக்கிறது. உடம்புச் சூடு என்று எண்ணி வெந்தயமும் மோரும் குடித்திருக்கிறார். நின்றது; பிறகு மீண்டும் கண்டது. இப்படியே மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. "மகன் ஆம்பளை. மருமக வந்து ஒரு வருசங்கூட ஆகல. கூடப்பிறந்தவரோ சாமி. யாருகிட்டச் சொல்ல?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

மறுநாளே, பங்கின் மருந்தகத்தில் பணிபுரியும் அருட்சகோதரியின் துணையோடு நகரத்து மருத்துவமனை ஒன்றிற்குச் சென்றோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த பெண் மருத்துவர், கருப்பையின் உட்படலம் 9 மில்லிமீட்டர் தடித்திருப்பதாகச் சொன்னார். மாதவிலக்கு நின்று உதிரம் காணும் பெண்களில், படலம் 4 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவாம். அதற்கு மேல் தடித்திருந்தால் உள்ளே பார்த்தறிய வேண்டுமாம். அந்தப் பரிசோதனையின் பெயர் ஹிஸ்டரோஸ்கோப்பி. சர்க்கரை அளவு சற்றுத் தணிய வேண்டியிருந்ததால் 16 நாள் கழித்து நாள் குறித்துக் கொடுத்தார்.

அந்த மருத்துவர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒன்றையும் மிகைப்படுத்தவும் இல்லை. விளக்கொளியும் படக்கருவியும் பொருத்திய மெல்லிய குழல் ஒன்றைப் பிறப்புவழியாகக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். உப்புநீரைப் பாய்ச்சி உட்புறத்தைச் சற்று விரியச் செய்து, திரையில் பார்ப்பார்கள். சிறு சதை வளர்ச்சி இருந்தால் பெரும்பாலும் அப்பொழுதே அகற்றிவிடலாம். படலத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். மாதவிலக்கு வலி போன்ற வலி ஓரிரு நாள் இருக்கக்கூடும்.

"கேன்சரா டாக்டர்?" என்று அக்காள் கேட்டார். மாதவிலக்கு நின்றபின் உதிரம் காணும் பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 9 பேருக்கே கருப்பை உட்படலப் புற்றுநோய் இருக்கிறது என்றும், மற்றவர்களுக்குப் படலம் மெலிதல், சதை வளர்ச்சி, நார்க்கட்டி போன்றவையே காரணம் என்றும் அவர் சொன்னார். அந்த ஒன்பதில் ஒருவராக இருந்தாலுங்கூட, உதிரம் முன்னதாகவே எச்சரித்துவிடுவதால் பலருக்கு நோய் கருப்பையைத் தாண்டுமுன் பிடிபடுகிறது என்றும், அந்நிலையில் அறுவை சிகிச்சையால் பெரும்பாலோர் குணமடைகின்றனர் என்றும் விளக்கினார்.

திரும்பும் வழியில் நாம் ஆறுதலாகச் சொன்னோம்: "கவலைப்படாதீர்கள் அக்கா. விசுவாசம் வையுங்கள்." அக்காள் சன்னல் வழியே வெளியே பார்த்தபடி, "விசுவாசம் இல்லாமலா பூசைக்குக் கேட்டேன்? விசுவாசமும் இருக்குது சாமி. பயமும் இருக்குது" என்றார். எத்தனை இல்லங்களின் திண்ணைகளில் இதே சொற்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறோம்! நாம் வெளியேறிய பின் அவ்வீட்டார் அன்றிரவை எப்படிக் கழித்தார்களோ?

அன்றிரவு மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தோம். பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அவள் தீட்டுள்ளவள் என்ற லேவியர் சட்டத்தையும், ஒரு நிகழ்ச்சியின் நடுவே மற்றொன்றைப் பொதிந்து சொல்லும் மாற்குவின் பாணியையும் குருமடத்தில் கற்றோம், தேர்விலும் எழுதினோம். அவளுக்கு முன்னும் பின்னும் நிற்கும் யாயிரை மட்டும் நாம் கவனித்ததில்லை.

யாயிரின் மகள் சாகக் கிடக்கிறாள். இயேசுவை அழைத்துக்கொண்டு விரைகிறார். நடுவழியில் இயேசு நின்றுவிடுகிறார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்கிறார். அந்தப் பெண் நடுங்கியபடி முன்வந்து நடந்தது அனைத்தையும் சொல்கிறாள். பன்னிரண்டு ஆண்டு வேதனையைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? அத்தனை நேரமும் யாயிர் பக்கத்தில் நிற்கிறார். அவர் என்ன நினைத்தார் என்று மாற்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி அங்கேயே வந்துசேர்கிறது. அப்போதுதான் இயேசு அஞ்ச வேண்டாம் என்கிறார். அப்படிச் சொல்லி அவரைத் தனியே அனுப்பிவிடவில்லை. அவரோடு வீடுவரை நடக்கிறார். "அஞ்சாதே" என்று சொல்ல நமக்குத் தெரிந்திருந்தது. உடன் நடக்கத்தான் தெரிந்திருக்கவில்லை.

அப்பெண்ணை இயேசு "மகளே" என்று அழைப்பதும் அன்று புதிதாகப் பட்டது. மக்கள் தீட்டென்று ஒதுக்கியவளுக்கு அவர் முதலில் ஓர் உறவுப்பெயரைத் திருப்பித் தருகிறார்.

மறுநாள் முதல் மாலைத் திருப்பலி முடிந்ததும் அக்காள் வீட்டுக்குச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டோம். பழைய குறிப்பேடு ஒன்றை மூன்று பகுதியாகப் பிரித்தோம். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை முதற்பகுதி: எந்தெந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும், மயக்கம் கொடுப்பார்களா, ஆய்வு முடிவு எத்தனை நாளில் வரும். வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டாம் பகுதி: சர்க்கரை பார்த்தல், மாலை நடை, மகனிடமும் மருமகளிடமும் சொல்லுதல். நம் கையில் இல்லாதவை மூன்றாம் பகுதி. நெடுநேரம் யோசித்து அதில் அக்காள் எழுதியது ஒரே சொல்: "முடிவு." இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், அப்போது வரும் அச்சம் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பார்க்கச் சொன்னோம். முதலிரண்டு பகுதியானால் காலையில் எழுதிவிடலாம். மூன்றாவதானால் செபமாலையைக் கையில் எடுக்கலாம். அச்சம் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. ஓர் இடத்தில் உட்கார வைக்க முடிகிறது என்றார்.

மருமகளிடம் சொன்ன நாளில் ஒரு வியப்பு காத்திருந்தது. அப்பெண், "என் சின்னம்மாவுக்கும் இப்படித்தான் அத்தை. பார்த்தா சதை வளர்ச்சி. எடுத்துட்டாங்க" என்று சொல்லி அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றுமுதல் கைப்பேசியில் கண்டதையெல்லாம் தேடி அக்காளுக்கு வாசித்துக்காட்டிய மகனை அவளே தடுத்துவிட்டாள்.

இப்பரிசோதனையின் வரலாற்றையும் நாம் தேடிப் படித்துச் சொன்னோம். 1869ஆம் ஆண்டிலேயே பந்தலெயோனி என்னும் மருத்துவர், உதிரப்போக்கு நிற்காத 60 வயதுப் பெண்மணி ஒருவரின் கருப்பையைக் குழல் வழியே பார்த்து, உள்ளே சதை வளர்ச்சியைக் கண்டு மருத்துவம் செய்தார். அக்காள் சிறிது யோசித்து, "அந்தக் காலத்துலயே ஒருத்தி தாங்கியிருக்கா. நான் தாங்கமாட்டேனா?" என்றார். பல நாள்களுக்குப் பின் அன்றுதான் சிரித்தார்.

அவருடைய இசைவைப் பெற்றே இதை எழுதுகிறோம். "என்னை மாதிரி மறைக்கிறவங்க படிக்கட்டும்" என்பது அவர் வாக்கு. அன்பு வாசகர்களே, மாதவிலக்கு நின்றபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. வெட்கத்தோடு ஒளிக்க வேண்டியதன்று. இல்லத்து ஆடவர்களே, உங்கள் அன்னையோ அக்காளோ சொல்லத் தயங்கினால், அவர்களைத் தயங்க வைத்தது நம்மிடமுள்ள எது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நாளை காலை ஏழு மணிக்குப் பரிசோதனை. திரையில் என்ன தெரியும் என்பதை நாம் அறியோம். ஆய்வின் முடிவுக்காக மேலும் சில நாள்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். விடியற்காலைத் திருப்பலிக்குரிய கருத்தை எழுத இன்று மாலை ஏட்டை விரித்தபோது அக்காள் அருகில் நின்றார். முன்பு வெறுமையாக விட்ட இடத்தைச் சுட்டி, "பேரை எழுதிக்கோ தம்பி" என்றார்.

எழுதினோம்.