லண்டனில் ஒரு ரசிகையின் உலா: பீட்டில்ஸ் முதல் மிஸ்டர் பீன் வரை

லண்டன் என்றதும் பிக் பென், பக்கிங்ஹாம் அரண்மனை, கோஹினூர் வைரம் என்று பட்டியல் நீளும். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால், டி.வி.யும் பாட்டுமாக வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஊரில் இன்னொரு வரைபடம் இருக்கிறது. அதில் ராஜா ராணிக்கு இடமில்லை. நம்மைச் சிரிக்க வைத்தவர்களும் ஆட வைத்தவர்களும்தான் இருக்கிறார்கள். மகள் அங்கே வேலை பார்க்கிறாள். போன கோடையில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனபோது, இரண்டு நாட்களை இதற்கென்றே ஒதுக்கினேன்.

ரோட்டைக் கடந்த நால்வர்

முதலில் ஒரு எச்சரிக்கை. லண்டன் ரயில் வரைபடத்தில் ‘அபே ரோடு’ என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கும். அங்கே இறங்கிவிடாதீர்கள். அது ஊரின் கிழக்குப் பக்கம். நாம் போக வேண்டியது ஜூபிலி லைனில் உள்ள செயின்ட் ஜான்ஸ் வுட் ஸ்டேஷனுக்கு. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அபே ரோடு ஸ்டூடியோ வந்துவிடும்.

1969 ஆகஸ்ட் 8-ம் தேதி, ஸ்டூடியோ வாசலில் இருக்கும் ஜீப்ரா கிராசிங்கை பீட்டில்ஸ் நால்வரும் நடந்து கடந்தார்கள். பால் மெக்கார்ட்னி காலில் செருப்புகூட இல்லை. போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திவைக்க, நடுரோட்டில் ஏணி போட்டு ஏறி நின்று இயன் மேக்மில்லன் எடுத்தது மொத்தம் ஆறே படங்கள். பத்து நிமிட வேலை. அதில் ஒன்றுதான் ‘அபே ரோடு’ ஆல்பத்தின் அட்டைப்படம்.

இன்றைக்கும் அங்கே நாலு நாலு பேராக வரிசை கட்டி நடக்கிறார்கள். பஸ் டிரைவர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். பொறுமை போனால் ஹாரன் அடிக்கிறார்கள். ஸ்டூடியோவுக்குள் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. வெளிச்சுவர் முழுக்க ரசிகர்களின் கிறுக்கல். அவ்வப்போது வெள்ளையடிப்பார்களாம். மறுபடியும் எழுதுவார்களாம்.

2010-ல் இந்த ஸ்டூடியோவை விற்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். உடனே அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. அந்த வருடக் கடைசியில் ஜீப்ரா கிராசிங்குக்கும் அதே அந்தஸ்து கிடைத்தது. கோட்டைக்கும் கோயிலுக்கும் கொடுக்கிற மரியாதை, ரோட்டில் போட்ட கறுப்பு வெள்ளைக் கோட்டுக்கு!

என் ஓட்டு ஜார்ஜுக்கே

பீட்டில்ஸில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் பலரும் ஜான், பால் என்பார்கள். என் ஓட்டு ஜார்ஜ் ஹாரிசனுக்கு. நம் பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்றார் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவரும் என்னைப் போல ஒரு நகைச்சுவைப் பைத்தியம்.

1969 அக்டோபரில் பிபிசியில் ‘மான்டி பைத்தான்’ என்ற நகைச்சுவைத் தொடர் ஆரம்பித்தது. தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரு காட்சி நடுவிலேயே நின்று, இன்னொன்று தொடங்கிவிடும். ஜார்ஜ் அதற்குத் தீவிர ரசிகர். பிற்பாடு அந்தக் குழு ‘லைஃப் ஆஃப் பிரையன்’ என்ற படம் எடுக்கத் தயாரானபோது, பணம் போடுவதாகச் சொன்ன நிறுவனம் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. ஜார்ஜ் தன் வீட்டையே அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, படத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாராம். ரசிகர் என்றால் இவரல்லவா ரசிகர்!

பேசாத பீன்

அடுத்து லெஸ்டர் ஸ்கொயர். அங்கே சினிமா, டி.வி. கதாபாத்திரங்களுக்கு வெண்கலச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். சார்லி சாப்ளின் சிலையும் உண்டு. அம்மா நேராகப் போனது பெஞ்சில் உட்கார்ந்திருந்த மிஸ்டர் பீனிடம். முழங்கால் வலியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டார்.

“ஏன் பாட்டி, உனக்குத்தான் இங்கிலீஷ் வராதே. எப்படி இவரைப் பிடிச்சது?” என்றாள் என் மகள்.

“இவன்தான் பேசவே மாட்டானேடி. அதனாலதான் எனக்கு எல்லாம் புரிஞ்சுது” என்றார் அம்மா.

1990-ம் ஆண்டின் முதல் நாளில் ஒளிபரப்பாகத் தொடங்கிய அந்தத் தொடர் மொத்தமே 15 எபிசோடுகள்தான். எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்த ரோவன் அட்கின்சன், முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தையே சிரிக்க வைத்தார். இன்னொரு புகழ்பெற்ற தொடரான ‘ஃபால்டி டவர்ஸ்’ 12 எபிசோடுகளோடு முடிந்துவிட்டது. ஆயிரம் எபிசோடு தாண்டியும் மாமியார் மருமகள் சண்டை தீராத சீரியல்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய ஆச்சரியம். ‘இன்னும் கொஞ்சம்’ என்று நாம் கேட்கும்போதே இலையை எடுத்துவிடுகிறார்கள். அதனால்தானோ என்னவோ, அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

பஞ்ச்கனியில் படித்த ராக் ஸ்டார்

ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஃபெல்தம் என்ற சாதாரணமான பகுதி. அங்கே ஒரு சிறிய வீட்டுச் சுவரில் நீலநிற வட்டப் பலகை இருக்கிறது. ‘குயின்’ குழுவின் பிரெடி மெர்க்குரி இங்கிலாந்து வந்த புதிதில் வசித்த வீடு அது. ஜான்ஜிபாரில் பிறந்த பார்சிப் பையன். இயற்பெயர் ஃபரூக் பல்சாரா. பள்ளிப்படிப்பு நம் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில். லண்டன் வந்தபிறகு ஹீத்ரோவில் சாமான் தூக்கும் வேலைகூடப் பார்த்திருக்கிறார். 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி மைதானத்தில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில் இருபது நிமிடம் கூட்டத்தையே கைக்குள் வைத்திருந்தவர் அவர். மேடை நிகழ்ச்சி என்றால் எனக்கு இன்றும் அதுதான் முதலிடம். அந்த வெம்ப்ளியை இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது 2007-ல் திறந்த புது மைதானம்.

அழித்ததும் மிஞ்சியதும்

கடைசியாகப் போனது ஒயிட் சிட்டியில் இருக்கும் பிபிசி டெலிவிஷன் சென்டர். ‘ஃபால்டி டவர்ஸ்’ உட்படப் பல தொடர்கள் இங்கேதான் படமாகின. 2013-ல் பிபிசி வெளியேறிவிட்டது. சில ஸ்டூடியோக்கள் தவிர மற்றதெல்லாம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு, உணவகங்கள்.

இங்கே நின்றபோது ஒரு வருத்தமான கதையை அம்மாவுக்குச் சொன்னேன். 60, 70-களில் வீடியோ டேப் விலை அதிகம். ஒருமுறை ஒளிபரப்பானதை யார் மறுபடி பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து, பிபிசி பல நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது. பீட்டர் குக், டட்லி மூர் ஜோடியின் நகைச்சுவைத் தொடரில் பல பகுதிகள் அப்படித்தான் போயின. 1963-ல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரிலும் பல எபிசோடுகள் போய்விட்டன. ஆனால், அன்றைய சிறுவர்கள் சிலர் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் புண்ணியத்தில், காணாமல்போன எல்லா எபிசோடுகளின் குரலும் இன்று இருக்கிறது. வெளிநாடுகளுக்கு அனுப்பிய சில பிரதிகளும் கிடைத்திருக்கின்றன. 2013-ல் ஒன்பது எபிசோடுகள் நைஜீரியாவில் கண்டெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள்!

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “நம்ம வீட்டுப் பரண்ல அப்பா ரேடியோவிலேர்ந்து பிடிச்சு வெச்ச கேசட் பெட்டி இருக்கே, அது என்னாச்சு?” என்று கேட்டார்.

“அங்கேதாம்மா இருக்கு. எடைக்குப் போட்டுடுன்னு நீதானே சொன்னே?”

“இப்ப சொல்றேன், போடாதே. ஊருக்குப் போனதும் முதல்ல அதை இறக்கித் துடைச்சு வை. அதுல அவர் நடுநடுவுல இருமறதுகூட இருக்கும்.”